கந்தளாய்க் குளத்தில் வலசைப் பறவை பார்ப்பது எப்படி: புரட்டாதி முதல் கார்த்திகை வரைக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில், நாங்கள் திருமலை என்று சுருக்கிச் சொல்லும் ஊரில், இலையுதிர்காலம் என்று ஒன்று கிடையாது. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓய்ந்து, வடகிழக்கு வாடை பிடிக்கும் வரைக்கும் இடையில் கிடைக்கிற இரண்டரை மாதம்தான் நமக்கு அந்தக் காலம். வடக்கே குளிர் தொடங்கியதும் புறப்பட்ட உள்ளான்களும் (சேற்றோரம் இரை பொறுக்குகிறவை) தாராக்களும் (வாத்து இனம்) ஆலாக்களும் (நீருக்கு மேலே பறந்து இரை எடுப்பவை) அந்த நாட்களில் நம் குளங்களில் வந்து இறங்கும்.

முதன்முதலாகப் பறவை பார்க்க வருகிறவர்களைப் பல தடவை திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். குளக்கட்டில் ஏறியதும் பெயர் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். பெயர் கடைசியில் வர வேண்டியது. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றை எந்த வரிசையில் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் நீர்மட்டத்தை விசாரியுங்கள்

எந்த நாள் போவது என்பதை உங்கள் விடுமுறையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குளத்தைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

காரணம் எளியது. உள்ளான் இனப் பறவைகளில் பெரும்பாலானவை நீந்தி இரை தேடுவதில்லை. ஈரச் சேற்றிலும், கணுக்கால் நனையும் நீரிலும் புழு பூச்சி பொறுக்குகிறவை. சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் விட்டு முடிந்து, குளம் வற்றிக் கிடக்கும் புரட்டாதியிலும் ஐப்பசித் தொடக்கத்திலும் கரையோரச் சேறு அகலமாக வெளியே தெரியும். வலசை வருகிறவற்றுக்கு அதுதான் பந்தி. மட்டம் ஏறிவிட்டால் அந்தச் சேறு நீருக்குள் போய்விடும், பறவைகளும் போய்விடும்.

இங்கே புதியவர்கள் ஏமாறுகிற விஷயம் ஒன்று உண்டு. மழை பெய்யவில்லை, ஆகவே குளம் வற்றியே இருக்கும் என்று நினைப்பார்கள். கந்தளாய்க் குளம் தன் மழையை மட்டும் நம்பி நிற்பதில்லை. மின்னேரியாப் பக்கமிருந்து பழைய பெருங்கால்வாய் வழியாகவும் தண்ணீர் வருகிறது. திருமலையில் ஒரு துளி விழாமலேயே மட்டம் ஏறலாம்.

ஆகவே போவதற்கு இரண்டு நாள் முன்னர் அந்தப் பக்கத்துக் கமக்காரர் ஒருவரையோ, குளத்தில் வலை போடுகிறவர் ஒருவரையோ போனில் பிடியுங்கள். “பறவை நிற்குதா?” என்று கேட்டால் எல்லோரும் “ஓம், நிறைய நிற்குது” என்றுதான் சொல்வார்கள். “குளம் எவ்வளவு வத்திக் கிடக்குது? மாடு எங்க வரைக்கும் இறங்கி மேயுது?” என்று கேளுங்கள். பட்டி மாடுகள் குளத்துக்குள் எவ்வளவு தூரம் இறங்கி மேய்கின்றனவோ அவ்வளவு தூரம் புல்லும் சேறும் திறந்திருக்கின்றன என்று அர்த்தம்.

குளம் நன்றாக வற்றியிருந்தால் உள்ளான்களுக்காகப் போங்கள். பாதி நிரம்பியிருந்தால் கொக்கு, நாரை, புல்லோரப் பறவைகள் கிடைக்கும். நிரம்பிவிட்டால் தாராக்களும் ஆலாக்களும்தான் குளத்தில். மற்றவற்றை வயலில் தேட வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

2. தொலைநோக்கியை வீட்டிலேயே சரிசெய்து வையுங்கள்

குளக்கட்டில் நின்றுகொண்டு முதன்முதலாகத் தொலைநோக்கியைத் திருகுகிறவர்கள் அன்றைய சிறந்த அரை மணி நேரத்தை இழக்கிறார்கள். முதல் நாள் மாலையே இதை முடித்துவிடலாம்.

8 x 42 என்று எழுதியிருக்கும் தொலைநோக்கி குளத்துக்கு நல்லது. 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீற்றரில். குளம் பெரியது, ஆகவே 10, 12 மடங்கு வேண்டும் என்று தோன்றும். மடங்கு கூடக்கூடக் கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகும், பார்வைப் பரப்பும் சுருங்கும். பழகாத கைக்கு 8 போதும்.

இனி இரண்டு கண்ணுக்கும் சமப்படுத்துவது. வலது கண்ணை மூடி, தூரத்துப் பலகை எழுத்து ஒன்றைப் பார்த்து, நடுச்சக்கரத்தைத் திருகி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது வில்லையில் உள்ள வளையத்தைத் திருகி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நின்ற இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாதவருக்கு ஒரு மணி நேரத்தில் தலையிடிக்கும். வெயிலால் வந்தது என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிடுவார்.

கண்ணாடி அணிகிறவர்கள் கண் வைக்கும் ரப்பரைக் கீழே மடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் சாவித்துவாரத்தால் பார்ப்பதுபோல இருக்கும்.

வீட்டுக் கூரையில் இருக்கும் காகத்தில் ஒரு பயிற்சி செய்யுங்கள். காகத்தை வெறுங்கண்ணால் பார்த்தபடியே, பார்வையை எடுக்காமல், தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை காணாமல் போகும். 20 தடவை செய்தால் கை பழகிவிடும்.

3. பையில் வைக்க வேண்டியவை

சின்னக் கொப்பி, பென்சில் (பேனை ஈரத்தில் ஊறும்), தொப்பி, இரண்டு லீற்றர் தண்ணீர், பணிஸ் அல்லது பார்சல் சோறு, உட்கார ஒரு சாக்கு, தேசிய அடையாள அட்டை. அடையாள அட்டையை மறக்காதீர்கள். திருமலை மாவட்டத்தில் தொலைநோக்கியும் கமராவும் தூக்கிக்கொண்டு நிற்பவரை யாராவது விசாரிக்கத்தான் செய்வார்கள். கேட்டால் அமைதியாகச் சொல்லுங்கள், பறவைப் படத்தைக் காட்டுங்கள். முகாம்கள், மதகு, வான்கதவு இருக்கும் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள்.

உடுப்பு மண் நிறத்திலோ மங்கிய பச்சையிலோ இருக்கட்டும். வெள்ளைச் சட்டை திறந்த கட்டில் வெகு தூரத்துக்குத் தெரியும்.

4. வெளிக்கிடும் நேரம்

திருமலையிலிருந்து கந்தளாய் ஏ6 வீதியில் சுமார் 40 கிலோமீற்றர். கொழும்பு, கண்டி போகும் பஸ்கள் கந்தளாயைத் தொட்டுத்தான் போகின்றன. இந்த மாதங்களில் சூரியன் காலை 6 மணியை ஒட்டி எழும். இருட்டோடு கந்தளாய்ச் சந்திக்கு வந்து, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, வீதி தெளிவாகத் தெரியத் தொடங்கியதும் குளத்துக்கு நடங்கள் அல்லது ஆட்டோ பிடியுங்கள்.

அதற்கு முன்னர் போகாதீர்கள். இரவில் தண்ணீருக்கு வந்த யானை விடியும்போதும் கரையில் நிற்கும். வழியில் எதிர்ப்படும் மீன்காரரிடம் “அலி இன்னவாத?” என்று கேளுங்கள். யானை நிற்கிறதா என்பதற்குச் சிங்களம் அதுதான். அந்தப் பக்கத்தில் இரண்டு மொழியும் புழங்கும், ஆனாலும் இந்தக் கேள்வியை அவர்கள் மொழியில் கேட்டால் பதில் விவரமாக வரும். எந்தப் பக்கம், எத்தனை, குட்டி உண்டா என்பது வரைக்கும் சொல்வார்கள்.

சரி, ஏன் இவ்வளவு அதிகாலை? காலை 9 மணிக்குப் பிறகு சேற்றுக்கு மேலே வெப்பம் அலையாக எழும். தூரத்துப் பறவையின் கால் ஆடும், சொண்டு வளையும், நிறம் கரையும். எவ்வளவு விலையுள்ள கண்ணாடியாலும் அதை வெல்ல முடியாது.

5. நிழல் முன்னால் விழும் இடத்தில் நில்லுங்கள்

கட்டில் எங்கே நிற்பது என்பதற்கு ஒரே ஒரு சோதனைதான். நீங்கள் பறவையைப் பார்த்து நிற்கும்போது உங்கள் நிழல் உங்களுக்கு முன்னால், பறவையின் பக்கமாக விழ வேண்டும். அப்படியென்றால் வெயில் உங்கள் முதுகில், வெளிச்சம் பறவையின் மேலே. நிழல் உங்களுக்குப் பின்னால் விழுந்தால் குளம் முழுவதும் கறுப்புப் பறவைகள் மட்டுமே தெரியும். அங்கிருந்து நடந்துவிடுங்கள், அரை கிலோமீற்றர் நடந்தாலும் பரவாயில்லை.

கட்டின் முகட்டில் வானத்துக்கு எதிராக நிற்காதீர்கள். ஒரு மரத்தோடோ புதரோடோ சேர்ந்து, சாக்கை விரித்து உட்காருங்கள். உட்கார்ந்த மனிதனைப் பறவை சீக்கிரம் மறந்துவிடும்.

சேற்றுக்குள் இறங்க வேண்டாம். மேலே வெடித்துக் காய்ந்த தோல் போலத் தெரியும், உள்ளே முழங்கால் வரைக்கும் களி. ஒருமுறை ஒரு தாராக் கூட்டத்தைக் கிட்டப் பார்க்க இறங்கி, இரண்டு கால்களும் புதைந்து, வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வந்து பலகை போட்டுத்தான் என்னை எடுத்தார்கள். குளத்தில் முதலை உண்டு. புண் உள்ள காலோடு அந்தச் சேற்றில் நின்றால் எலிக்காய்ச்சலுக்கும் வழி. இவை எல்லாவற்றையும்விட, நீங்கள் இறங்கும்போது கூட்டம் முழுவதும் எழும்பிவிடும். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வந்து உடம்பு தேற்றிக்கொண்டிருக்கும் உயிரை ஒரு படத்துக்காகக் கலைப்பது அநியாயம்.

6. முதல் 15 நிமிடம் பெயர் தேடாதீர்கள்

தொலைநோக்கியைக் கழுத்தில் தொங்கவிட்டு வெறுங்கண்ணால் பாருங்கள். குளத்தை மூன்று பட்டையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: உங்கள் காலடியில் கட்டின் கற்சரிவு, நடுவில் ஆழ நீர், அக்கரையிலும் ஓரங்களிலும் உள்ள சேறும் புல்லும். எந்தப் பட்டையில் அசைவு அதிகம், எது உட்கார்ந்திருக்கிறது, எது மேய்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

இதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு பறவையும் தன் பட்டையை விட்டு அதிகம் விலகுவதில்லை. எங்கே நிற்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பெயர்கள் கழிந்துவிடும். நான் கூட்டிப்போன ஒரு தம்பி, கற்களின் மேலே தனியாக வாலை ஆட்டிக்கொண்டு நின்ற பறவைக்கு 40 நிமிடம் புத்தகம் புரட்டினான். கற்சரிவில் தனியாக நின்று பின்புறத்தை மேலும் கீழும் ஆட்டுவது பெரும்பாலும் சாதா உள்ளான்தான். தோளுக்கு முன்னால் வெள்ளை ஒரு கீற்றாக மேலேறியிருக்கும். எழும்பினால் நீரை ஒட்டி, இறகை விறைப்பாக வைத்து, விட்டுவிட்டு அடித்துப் பறக்கும். இடத்தைப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

7. கூட்டத்தைப் பிரியுங்கள்: பெரியதிலிருந்து சிறியதுக்கு

இப்போது தொலைநோக்கி. இடமிருந்து வலமாக மெதுவாக ஓட்டுங்கள். பெரிய பறவைகளை முதலில் கழித்துவிட்டால், மீதமிருக்கும் சின்னவற்றில் கண் நிலைக்கும்.

பெரியவை: கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகங்கள். இவற்றில் குழப்பம் குறைவு. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: நத்தைகுத்தி நாரையின் சொண்டுக்கு நடுவில் இடைவெளி இருக்கும் என்று படித்திருப்பீர்கள், இளம் பறவைக்கு அந்த இடைவெளி இராது. அதேபோல மஞ்சள் மூக்கு நாரையின் குஞ்சு மங்கிய சாம்பல் பழுப்பாக, வேறு பறவைபோல நிற்கும்.

வெள்ளைக் கொக்குகள்: “எல்லாம் ஒரே கொக்குத்தானே அண்ணை?” என்று கேட்காதவர் குறைவு. கறுப்புச் சொண்டு, கறுப்புக் கால், மஞ்சள் பாதம் என்றால் சின்னக் கொக்கு. மஞ்சள் சொண்டுள்ள உயரமானவற்றில் வாய்க்கோட்டைப் பாருங்கள். அது கண்ணுக்குப் பின்னால் வரைக்கும் ஓடினால் பெரிய கொக்கு, கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. மாட்டோடு திரியும் குட்டைக் கழுத்துக்காரர் உண்ணிக்கொக்கு.

தாராக்கள்: இந்தப் பருவத்தில் ஆட்களை அதிகம் ஏமாற்றுவது இவைதான். புத்தகத்தில் நீலச்சிறகி ஆணுக்குக் கண்ணுக்கு மேலே பளிச்சென்று வெள்ளைப் பிறை போட்டிருக்கும். ஐப்பசியில் வருகிற ஆணுக்கு அது இல்லை. இனப்பெருக்கம் முடிந்ததும் அந்த இறகுகளை உதிர்த்துவிட்டு, பெட்டையைப் போன்ற பழுப்பு உடையில்தான் வருகிறது. பளிச்சென்ற உடை திரும்ப வர மாதக்கணக்காகும். ஆகவே வெள்ளைப் பிறையைத் தேடாதீர்கள். முகத்தில் வெளிறிய, கரிய கோடுகள் மாறிமாறி ஓடுகின்றனவா, சொண்டின் அடியில் வெளிறிய பொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஊசிவால் தாராவுக்கும் இதே கதை. வால் நீளத்தை நம்பாமல் நீண்ட மெல்லிய கழுத்தையும் சாம்பல் சொண்டையும் பாருங்கள். செம்பழுப்பு நிறத்தில், பறக்கும்போது இரட்டைச் சீழ்க்கை அடிப்பது சீழ்க்கைச் சிறகி. அது நம் ஊர்க்காரர், ஆண்டு முழுவதும் உண்டு.

உள்ளான்கள்: இங்கே நேரம் எடுங்கள், இதற்காகத்தான் வந்தீர்கள்.

முதலில் இரை தேடும் விதம். ஓடி, சட்டென்று நின்று, ஒரு கொத்துக் கொத்தி, மறுபடி ஓடினால் அது உப்புக்கொத்தி இனம். நிற்காமல் நடந்துகொண்டே சேற்றைக் குத்திக்கொண்டு போனால் உள்ளான் இனம். இந்த ஒரு கவனிப்பு கூட்டத்தை இரண்டாகப் பிளந்துவிடும்.

அடுத்தது அளவு. தூரத்தில் அளவு தெரியாது, ஆகவே ஒரு அளவுகோல் வேண்டும். நெடுங்கால் உள்ளானை அளவுகோலாக வையுங்கள். நீண்ட இளஞ்சிவப்புக் கால், கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, தப்பவே முடியாது. அதன் பக்கத்தில் நிற்பதை அதோடு ஒப்பிடுங்கள்.

மூன்றாவது சொண்டு. ஊசிபோல மெலிந்து நேராக இருந்தால் சின்னப் பச்சைக்காலி. அடியில் தடித்து நுனி சற்று மேல்நோக்கி வளைந்து, உடம்பும் பெரிதாக இருந்தால் பச்சைக்காலி. இது எழும்பும்போது தெளிவாக மூன்று தடவை கூவும். முதுகு முழுவதும் புள்ளி தெளித்து, கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம் பின்வரைக்கும் ஓடி, மஞ்சள் கலந்த காலோடு நின்றால் பொறி உள்ளான். கந்தளாயின் புல்லோரச் சேற்றில் அதை அடிக்கடி காண்பீர்கள். சிட்டுக்குருவியளவில், கறுப்புக் காலோடு, தையல் இயந்திரம்போலக் கொத்திக்கொண்டே இருப்பது கொசு உள்ளான்.

கால் நிறத்தைக் கடைசியில் வையுங்கள். சேறு காய்ந்து ஒட்டினால் மஞ்சள் காலும் சாம்பலாகத் தெரியும். தண்ணீரில் நடந்து கழுவும் வரைக்கும் பொறுத்திருந்து பாருங்கள். காலில் நிறக்கொடியோ வளையமோ இருந்தால் நிறம், எழுத்து, எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா என்பதை அந்த இடத்திலேயே எழுதுங்கள். எங்கோ ஓர் ஆய்வாளர் அந்தத் தகவலுக்காகக் காத்திருக்கிறார்.

ஆலாக்கள்: குளத்துக்கு மேலே காற்றுக்கு எதிராக மிதந்து, முழுதாக மூழ்காமல் நீரைத் தொட்டு எடுப்பது பெரும்பாலும் மீசை ஆலா. புத்தகத்தின் கறுப்பு வயிறு இப்போது இராது. வெள்ளை வயிறும் கண்ணுக்குப் பின்னால் கரிய பட்டையும்தான் அடையாளம்.

8. எண்ணுங்கள்

“நிறைய” என்று எழுதாதீர்கள். கூட்டத்தின் ஓரத்தில் 10 பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் 10 எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்து, அந்த அளவைக் கூட்டத்தின் மேலே அடுத்தடுத்து வைத்துக்கொண்டு போங்கள். ஒருமுறை இடமிருந்து, ஒருமுறை வலமிருந்து. இரண்டும் வெகுவாக வேறுபட்டால் மூன்றாவது தடவை. புதியவர்கள் அநேகமாகக் குறைத்துத்தான் எண்ணுவார்கள், ஏனென்றால் முன்னால் நிற்பது பின்னால் நிற்பதை மறைக்கும்.

கடற்கழுகு ஒன்று மேலே வந்தால் கூட்டம் தானாக எழும்பும். அதுவரைக்கும் உட்கார்ந்திருங்கள். அப்போது கிடைக்கும் எண்ணிக்கை, நின்றதை எண்ணியதைவிடச் சரியாக இருக்கும்.

9. பார்த்ததை எழுதிய பிறகுதான் புத்தகம்

தெரியாத பறவை வந்தால் கை தானாகப் போனுக்குப் போகும். பொறுங்கள். முதலில் கொப்பியில் எழுதுங்கள்: எங்கே நின்றது, எதைவிடப் பெரியது, சொண்டு தலையைவிட நீளமா, என்ன செய்தது, பறந்தபோது முதுகிலும் இறகிலும் எங்கே வெள்ளை தெரிந்தது. கையால் ஒரு படமும் வரையுங்கள், எவ்வளவு மோசமாக இருந்தாலும்.

முதலில் படத்தைப் பார்த்துவிட்டால், பார்க்காத அடையாளத்தையும் பார்த்ததாக மனசு சேர்த்துவிடும். இதை நான் மறுபடி மறுபடி கண்டிருக்கிறேன். பறவை பறந்து போகும், புத்தகம் எங்கும் போகாது.

வீட்டுக்கு வந்ததும் பட்டியலை, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் (eBird) இணையத்தளத்தில் ஏற்றுங்கள். தொடங்கிய நேரம், நடந்த தூரம், எத்தனை பேர் என்பவற்றையும் சேர்த்து. உறுதியில்லாததை “உள்ளான் இனம்” என்றே விடுங்கள். அரைகுறைப் பெயரைவிட அது பயனுள்ளது. இப்படிப் பழகினவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கும் கைகொடுக்கலாம்.

10. வெயில் ஏறியதும் வயலுக்கு

காலை 9 மணிக்குப் பிறகு கட்டைவிட்டு இறங்கி, குளத்துத் தண்ணீர் பாயும் வயற்பக்கம் போங்கள். தம்பலகாமம் வரைக்கும் அந்த வெளி நீளும். புரட்டாதியில் மின்கம்பிகளில் நீலவால் பஞ்சுருட்டானும் தகைவிலானும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மேயும் மாடுகளின் காலடியில் மஞ்சள் வாலாட்டி ஓடும்.

பெரும்போகத்துக்கு உழத் தொடங்கியதும் காட்சி மாறும். உழவு இயந்திரத்துக்குப் பின்னால் கொக்கும் ஆலாவும் கூட்டமாக வரும். குளம் நிரம்பிச் சேறு மறைந்த பிறகு, காணாமல் போன பொறி உள்ளான்களை இந்தத் தண்ணீர் கட்டிய வயல்களில்தான் தேட வேண்டும். வரம்பில் நடக்குமுன் கமக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். விதைத்த வயலுக்குள் கால் வைக்காதீர்கள்.

11. திரும்பும் நேரம்

ஐப்பசியிலும் கார்த்திகைத் தொடக்கத்திலும் பிற்பகலில் இடிமுழக்கம் சகஜம். குளக்கட்டு அந்தச் சுற்றுவட்டாரத்தில் உயரமான வெட்டவெளி. முதல் இடி காதில் விழுந்ததும் கட்டைவிட்டு இறங்கி, வீட்டுக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ போய்விடுங்கள். தனி மரத்தின் கீழே ஒதுங்க வேண்டாம்.

மாலைப் பறவைகளுக்காக நின்றாலும் 5.30 மணிக்குள் வீதிக்கு வந்துவிடுங்கள். யானை இறங்கும் நேரம் அது. யானைவெடிச் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கம் போகாதீர்கள்.

முதல் தடவை ஐப்பசித் தொடக்கத்தில் போனவர், முதல் பெருமழைக்குப் பிறகு இரண்டு வாரத்தில் இன்னொரு தடவை போய், அதே இடத்தில், அதே நேரத்தில் உட்காருங்கள். முதல் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, எது போயிற்று, எது புதிதாக வந்தது என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.